பழைய அம்பாசடருக்குப் புது பியூஸ் பெட்டி: ஷார்ட் ஆகாமல் மாற்றுவது எப்படி?

(இறுதியாண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுவியல் பிரிவு)



வைவாவில் "பியூஸ் என்றால் என்ன?" என்று கேட்டால் நம்மில் ஒருவரும் திணற மாட்டோம். "அளவுக்கு மீறி மின்னோட்டம் வரும்போது தானே உருகி, மின்கருவியைக் காப்பாற்றும் சாதனம் சார்" என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவோம். மதிப்பெண்ணும் விழுந்துவிடும். ஆனால் அந்தப் பதிலில் ஒரு சொல் சரியில்லை. 'கருவியை' என்ற இடத்தில் 'ஒயரை' என்று இருக்க வேண்டும். பல்பு கெட்டால் பல்போடு போகும். ஒயர் சூடேறினால் வண்டியே போகும். இந்த ஒரு சொல் வித்தியாசம் மனதில் பதிந்தவர் எந்தப் பழைய காரிலும் தைரியமாகக் கை வைக்கலாம். பதியாதவர் எவ்வளவு விலை கொடுத்துப் புது பியூஸ் பெட்டி வாங்கி மாட்டினாலும் ஆபத்து அப்படியேதான் இருக்கும். எங்கள் வீட்டு அம்பாசடரில் நான் செய்த வேலையை வைத்து இதை விளக்க ஆசைப்படுகிறேன்.

எங்க ஊரும் அம்பாசடரும்

நான் கனகம்மாசத்திரத்துக்காரன். சென்னையிலிருந்து திருப்பதி போகிற நெடுஞ்சாலையில், திருத்தணிக்கு முன்னால் வருகிற ஊர். ஆந்திரா பக்கத்திலேயே இருப்பதால் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேச்சு நடக்கும். ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் ரோடு முழுக்கக் காவடிதான். மலைக்குப் போக வாடகை வண்டி வேண்டும் என்றால் ஒரு காலத்தில் எங்கள் பக்கம் அம்பாசடரைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

அம்பாசடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் இந்திய வடிவம். கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியில் தயாரிக்கத் தொடங்கி, 2014இல் நிறுத்தியது. அதே கம்பெனி 1998இல் நம்ம திருவள்ளூர் பக்கம் ஒரு தொழிற்சாலை தொடங்கி மிட்சுபிஷி லான்சர் காரைத் தயாரித்தது. இரண்டு வண்டியின் பியூஸ் பெட்டியையும் திறந்து பார்த்தால் பல வருட வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். லான்சரில் வேலைக்கு ஒன்றாகக் கலர் கலராகப் பிளேடு பியூஸ்கள் வரிசை கட்டி நிற்கும். எங்கள் மாமா வைத்திருக்கும் மார்க் 3 அம்பாசடரிலோ இரண்டே இரண்டு கண்ணாடி பியூஸ்! பக்கத்தில் செருகி வைத்த ஸ்பேர் இரண்டு. அவ்வளவுதான்.

அந்தக் காலத்து ஆட்களைக் குறை சொல்ல முடியாது. அப்போது காரில் இருந்த மின்சாமான்கள் குறைவு. மின்சாரம் தந்த டைனமோவும் இருபது ஆம்பியருக்குப் பக்கம்தான் தரும். அந்தப் பளுவுக்கு அந்தப் பெட்டி போதும் என்று நினைத்தார்கள். பிறகு வந்தவர்கள் ஆல்டர்னேட்டர் போட்டார்கள், ஹாலஜன் போட்டார்கள், இரட்டை ஹாரன், ரேடியோ, பேன், செல்போன் சார்ஜர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். பெட்டி மட்டும் அப்படியே இருந்தது.

இரண்டு பியூஸ் என்ன செய்கிறது?

பழைய பிரிட்டிஷ் வண்டிகளிலும் அவற்றின் வழிவந்த நம் வண்டிகளிலும் லூகாஸ் முறைப்படி ஒயருக்குக் கலர் உண்டு. (சென்னை பாடியில் உள்ள லூகாஸ் டி.வி.எஸ். 1961இல் தொடங்கப்பட்டது அந்த லூகாஸோடு சேர்ந்துதான்.) பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேரே வருவது. வெள்ளை என்றால் சாவி போட்ட பிறகு உயிர் வருவது. இவை இரண்டும் பியூஸுக்கு முன்னால் இருப்பவை. பழுப்பு ஒயர் ஏ1 முனையில் ஏறி, பியூஸைத் தாண்டி, ஏ2விலிருந்து ஊதா ஒயராக ஹாரனுக்கும் உள் விளக்குக்கும் போகும். வெள்ளை ஒயர் ஏ3இல் ஏறி, ஏ4இலிருந்து பச்சை ஒயராக வைப்பர், பிரேக் லைட், இண்டிகேட்டர், பெட்ரோல் மீட்டர் எல்லாவற்றுக்கும் பிரியும். கறுப்பு, எர்த். நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் லைட். எங்கள் வண்டியில் இந்த நீலத்துக்கும் சிவப்புக்கும் பியூஸே கிடையாது!

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. பழைய லூகாஸ் கண்ணாடி பியூஸில் '35 ஆம்பியர்' என்று போட்டிருந்தால் அது எரிந்து போகிற அளவு. தொடர்ந்து தாங்குகிற அளவு அதில் பாதி, அதாவது 17.5 ஆம்பியர்தான். இன்றைய பிளேடு பியூஸில் அச்சடித்திருப்பதோ தாங்குகிற அளவு. இது தெரியாமல், "பழசு 35, அதனால் புதுசும் 35க்குப் பக்கத்தில் இருக்கட்டும்" என்று 30 ஆம்பியர் பச்சை பிளேடைச் செருகினால் பாதுகாப்பை நாமே பாதியாகக் குறைத்துவிட்டோம் என்று பொருள். பெட்டி மாற்றும் பலர் சறுக்குவது இங்கேதான்.

மலை இறக்கத்தில் ஒரு தீய்ந்த வாசனை

போன வருடம் கிருத்திகை அன்று இரவு மாமா சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு திருத்தணி மலையிலிருந்து இறங்கிக் கொண்டிருந்தார். பின்சீட்டில் என் அத்தையும் இரண்டு குழந்தைகளும். நான் முன்னால். தூறல் போட்டதால் வைப்பர் ஓடுகிறது, ஹெட்லைட் எரிகிறது, வளைவுக்கு வளைவு ஹாரன். திடீரென்று ரப்பர் தீய்ந்த மாதிரி ஒரு வாசனை. "மாமா, வண்டிய ஓரங்கட்டுங்க!" என்றேன். அவர் நிறுத்தி, சாவியை எடுத்து, பானட்டைத் திறந்து பேட்டரி கேபிளைக் கழற்றிவிட்டார். டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு பச்சை ஒயர் ஒரு முழ நீளத்துக்கு உறை உருகி, பக்கத்து ஒயரோடு ஒட்டிக் கொண்டிருக்கிறது. மெல்லிய புகை.

பியூஸ் போயிருக்க வேண்டுமே? போகவில்லை. எப்போதோ யாரோ ஒரு மெக்கானிக், எரிந்த கண்ணாடி பியூஸின் மேல் சிகரெட் பாக்கெட் ஈயத்தாளைச் சுற்றிச் செருகி வைத்திருக்கிறார். "அவசரத்துக்குச் செஞ்சது, அப்படியே விட்டுட்டோம்" என்பார்களே, அந்த வகை. அந்தத் தாள் பல வருடமாக ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. அதாவது, எதற்கும் உருகாமல் இருந்திருக்கிறது.

குழந்தைகளை இறக்கி வேறு வண்டியில் அனுப்பிவிட்டு நின்ற அந்த அரை மணி நேரத்தில்தான், பெட்டியை மாற்றியே ஆக வேண்டும் என்று மாமா முடிவு செய்தார். "மாப்ளே, நீ படிக்கிற படிப்பு இதுக்காவது உதவட்டும்" என்றார்.

முழு ஷார்ட்டும் அரை ஷார்ட்டும்

கணக்கு போட்டுப் பார்ப்போம். நமக்குத் தெரிந்த ஓம் விதிதான்.

ஒரு சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.017 ஓம் மின்தடை. மூன்று மீட்டர் என்றால் 0.05 ஓம். பேட்டரியின் உள்தடையும் சேர்த்து 0.06 என்று வைப்போம். இந்த ஒயர் பாடியில் நேராக மோதினால் 12 வகுத்தல் 0.06 = 200 ஆம்பியர்! அப்போது ஒயரில் உண்டாகும் வெப்பம் 200 × 200 × 0.05 = 2000 வாட்ஸ். வாளியில் போட்டு வெந்நீர் காய்ச்சும் ராடைவிட அதிகம். ஆனால் 200 ஆம்பியருக்கு எந்த கார் பியூஸும் கண் இமைப்பதற்குள் போய்விடும். ஆகவே முழு ஷார்ட்டில் பியூஸ் நம்மைக் காப்பாற்றிவிடுகிறது.

பயப்பட வேண்டியது அரை ஷார்ட்டுக்கு. உறை தேய்ந்த ஒயரின் ஓரிரு இழைகள் துருப்பிடித்த தகட்டில் உரசுகின்றன. தொடும் இடத்தில் தடை இருப்பதால் 28 ஆம்பியர்தான் ஓடுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். 14 இழை, 0.30 மி.மீ. என்று சொல்லப்படும் ஒரு சதுர மி.மீ. ஒயர், பிரிட்டிஷ் கணக்குப்படி 8.75 ஆம்பியர்தான் தாங்கும். 28 என்பது அதைப்போல 3.2 மடங்கு. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்குத் தக்கபடி ஏறும் என்பது ஜூல் விதி. 3.2 × 3.2 = பத்து மடங்கு வெப்பம்! சாதாரண பி.வி.சி. உறை சுமார் 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தொடர்ந்து தாங்கும். 30 ஆம்பியர் பியூஸோ, "28தானே ஓடுது" என்று சும்மா பார்த்துக் கொண்டிருக்கும். எங்கள் பச்சை ஒயரில் நடந்தது இதுதான். அங்கே பியூஸின் இடத்தில் ஈயத்தாள் இருந்தது, அவ்வளவுதான் வேறுபாடு.

பியூஸ் தன் அளவைத் தொட்டவுடன் போய்விடும் என்றும் நினைக்காதீர்கள். 10 ஆம்பியர் பிளேடு பியூஸில் 11 ஓடினால் மணிக்கணக்கில் நிற்கும். 13.5 ஓடினால்கூட நிமிடக்கணக்கில் நிற்கலாம். 20 ஓடினால் ஐந்து நொடிக்குள் போகும். 35 ஓடினால் அரை நொடிக்குள். ஆகவே ஒயரின் தாங்கும் அளவு பியூஸைவிடக் கொஞ்சம் மேலேயே இருக்க வேண்டும்.

இதை ஒரு வரியில் எழுதி வைத்துக் கொள்ளலாம்: பளுவைவிட பியூஸ் பெரிது, பியூஸைவிட ஒயர் பெரிது. எங்கள் ஊரில் லாரிகளுக்கு ஒயரிங் செய்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். இதையே அவர் பாணியில் சொன்னார்: "ஒயரப் பாத்து பியூஸப் போடு நாயனா. பல்பப் பாத்துப் போடாத."

பிறகு எதற்குப் புதுப் பெட்டி?

கண்ணாடி பியூஸைப் பிடித்திருக்கும் பித்தளைக் கிளிப் நாளாக ஆகப் பாசி பிடித்துத் தளர்ந்துவிடும். அங்கே 0.1 ஓம் தடை சேர்ந்து 10 ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட் அங்கேயே தொலையும், 10 வாட்ஸ் சூடாக மாறும். அந்தச் சூட்டிலேயே பியூஸ் மூடியின் ஈயம் உருகி, பளு அதிகமாகாமலேயே பியூஸ் போகும். "அடிக்கடி போகுதே" என்று ஆட்கள் பெரிய பியூஸோ ஈயத்தாளோ வைப்பது இதனால்தான். நோய் கிளிப்பில், மருந்து பியூஸுக்கு!

பிளேடு பியூஸ் 1976இல் அமெரிக்காவின் லிட்டல்பியூஸ் கம்பெனி கொண்டு வந்தது. தட்டையான இரண்டு கால்கள் கிளிப்பில் இறுக்கமாகக் கவ்விக் கொள்ளும். அளவுக்கு ஒரு கலர்: 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. பல வழிகள் உள்ள பெட்டி போட்டால், இரண்டு பியூஸில் தொங்கிய எல்லாவற்றையும் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதன் ஒயருக்கேற்ற சின்ன பியூஸ் போட முடிகிறது. புதுப் பெட்டியின் உண்மையான லாபம் இதுதான்.

வேலையைத் தொடங்குமுன்

முதலில் பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பாருங்கள். பழைய டைனமோ வண்டிகளில் பாசிடிவ் எர்த்தும் உண்டு. எது பாடிக்குப் போகிறதோ அந்தக் கேபிளை முதலில் கழற்ற வேண்டும். காரணம் எளிது. உயிருள்ள முனையை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் அதுவே முழு ஷார்ட். எர்த்தை முதலில் எடுத்துவிட்டால் ஸ்பேனர் எங்கே பட்டாலும் சுற்று முழுமையாகாது. மாட்டும்போது எர்த் கடைசி.

அடுத்தது படம். பழைய பெட்டியைச் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக் கொண்டேன். ஒவ்வொரு ஒயருக்கும் மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டி, நோட்டில் ஒரு சர்க்யூட் வரைந்தேன். கலரை மட்டும் நம்பக்கூடாது. நாற்பது வருடத்தில் கையில் கிடைத்த கலரை இழுத்து ஒட்டியிருப்பார்கள். எங்கள் வண்டியில் ரேடியோவுக்கு வீட்டு ஒயரிங் ஒயரே போட்டிருந்தது! இந்த வேலைக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. பெட்டி மாட்டுகிற வேலை அதற்குப் பாதி நேரம்கூட ஆகவில்லை.

பிறகு பளுக்கணக்கு. வாட்ஸை 12ஆல் வகுத்தால் ஆம்பியர்.

ஹெட்லைட், பக்கத்துக்கு 60/55 வாட்ஸ்: ஒரு பக்கம் 5 ஆம்பியர்.
பிரேக் லைட், 21 வாட்ஸ் இரண்டு: 3.5 ஆம்பியர்.
இண்டிகேட்டர், ஒரு பக்கத்து 21 வாட்ஸ் இரண்டு: 3.5 ஆம்பியர்.
பார்க்கிங், டெயில், நம்பர் பிளேட் விளக்குகள்: மொத்தம் 2 ஆம்பியர்.
வைப்பர் மோட்டார்: சுமார் 4 ஆம்பியர்.
இரட்டை ஹாரன்: சுமார் 8 ஆம்பியர்.
சார்ஜர்: 2 ஆம்பியர்.

தொடர்ந்து ஓடும் பளு, பியூஸ் அளவில் முக்கால் பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக் கொண்டேன். பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் தனித்தனியே 7.5. வைப்பருக்கும் 7.5. பழைய ஒரு சதுர மி.மீ. ஒயர் நல்ல நிலையில் இருந்ததால் 8.75க்குக் கீழேயே நிற்க வேண்டும் என்று இந்த அளவு. ஹாரனுக்கு 15 ஆம்பியர் பியூஸ், அதற்கு இரண்டு சதுர மி.மீ. புது ஒயர். அந்த ஒயர் 17.5 ஆம்பியர் தாங்கும்.

ஹெட்லைட்டில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பியூஸில் போட்டால் மலை வளைவில் அது போகிற நொடியில் மொத்தமும் இருட்டாகிவிடும். அதனால் இடது டிம், வலது டிம், இடது பிரைட், வலது பிரைட் என்று நான்கு தனி பியூஸ், ஒவ்வொன்றும் 10 ஆம்பியர், இரண்டு சதுர மி.மீ. ஒயர். ஒன்று போனாலும் மற்றொரு கண் எரியும். பார்க்கிங் லைட்டையும் இடம் வலம் பிரித்து 5 ஆம்பியரில் போட்டேன்.

பெட்டிக்கு முன்னால் இருக்கும் ஒயரை யார் காப்பாற்றுவது?

இதை யோசிக்காமல் விடுகிறவர்கள் அதிகம். பியூஸ் தனக்குப் பின்னால் இருக்கும் ஒயரை மட்டுமே காக்கும். பேட்டரியிலிருந்து புதுப் பெட்டிக்கு வருகிற தடித்த ஒயர் வழியில் எங்காவது பாடியில் உரசினால், பெட்டிக்குள் இருக்கும் பத்து பியூஸும் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அதனால் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு மெயின் பியூஸ் அவசியம். மேலே உள்ள கணக்கைக் கூட்டினால் முப்பதுக்குச் சற்று மேலே வரும். எனவே 40 ஆம்பியர் மெயின் பியூஸ், ஆறு சதுர மி.மீ. ஒயர். அந்த ஒயர் 42 ஆம்பியர் தாங்கும். கிளை பியூஸ்கள் எல்லாம் 15க்குள் இருப்பதால், ஷார்ட் வந்தால் கிளைதான் முதலில் போகும். மெயின் நிற்கும், மற்ற விளக்குகள் எரியும்.

ஸ்டார்ட்டர் கேபிளுக்கு பியூஸ் போடுவதில்லை. ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்னோட்டம் அவ்வளவு பெரிது. இக்னிஷன் காயிலுக்கும் பழைய வழக்கப்படி பியூஸ் இல்லாமலே விட்டேன், ஓடும் வண்டி நடுரோட்டில் நின்றுவிடக்கூடாது என்பதால். ஆனால் பியூஸ் இல்லாத இந்த ஒயர்களுக்குத்தான் உறையும் கிளாம்பும் மிக நன்றாக இருக்க வேண்டும்.

பெட்டி வாங்கச் சென்னை புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கும் போனேன். கடையில் கிடைக்கிற பல பெட்டிகளில் எல்லா பியூஸுக்கும் உள்ளே ஒரே பட்டை வழியாகத்தான் சப்ளை. அதை அப்படியே மாட்டினால் சாவியை எடுத்த பிறகும் வைப்பருக்கும் மீட்டருக்கும் மின்சாரம் இருக்கும், காலையில் பேட்டரி படுத்துவிடும். ஆகவே இரண்டு பகுதியாகப் பிரிந்த பெட்டி வேண்டும், அல்லது இரண்டு சிறு பெட்டிகள். ஒன்று பழுப்புக்கு, ஒன்று வெள்ளைக்கு.

சாவி சுவிட்சும் வயதானதுதான். எல்லாப் பளுவையும் அதன் வழியே இழுக்காமல் 40 ஆம்பியர் ரிலே ஒன்று போட்டேன். ரிலேயின் 85, 86 முனைகள் காயில். வெள்ளை ஒயர் ஒரு முனைக்கு, எர்த் மற்றொன்றுக்கு. 30இல் பேட்டரி சப்ளை, 87இலிருந்து பெட்டியின் இரண்டாம் பகுதிக்கு. ஹெட்லைட்டுக்கும் இதே போல டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பழைய சுவிட்ச் இப்போது ரிலேயை மட்டும் இயக்குகிறது, விளக்கும் முன்பைவிடப் பளிச்சென்று எரிகிறது.

ஒயரைக் கையாளுவது

ஷார்ட் பிறக்கிற இடங்கள் பெரும்பாலும் மூன்று: தகட்டு ஓட்டை, ஆடுகிற இடம், சூடான இடம். டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள தகட்டைத் தாண்டும் ஒவ்வொரு ஓட்டையிலும் ரப்பர் குரோமெட் இருக்க வேண்டும். பழையது காய்ந்து வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். கிளட்ச் பெடல், ஸ்டியரிங் ராடு அருகே ஒயர் தொங்கக் கூடாது. சைலன்சர் பைப்பிலிருந்து தள்ளிப் போக வேண்டும். ஒரு சாணுக்கு ஒரு கிளாம்ப் போட்டால் ஒயர் ஆடாது, ஆடாத ஒயர் தேயாது.

லக் மாட்டும்போது கட்டிங் பிளேயரால் நசுக்காமல் கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். நம் லேபில் சால்டரிங் நன்றாகக் கற்றிருக்கிறோம், ஆனால் அதிர்கிற இடத்தில் ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரை விறைப்பாக்கிவிடும், விறைப்பு முடிகிற இடத்தில் இழைகள் ஒடியும். மாட்டி முடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். வராவிட்டால் ஸ்லீவ் போட்டு மூடலாம். எர்த் ஒயரையும் மறக்க வேண்டாம். பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். வேறு இடத்தில் தேடித் தலையைப் பிய்த்துக் கொள்கிற பல கோளாறுகள் கடைசியில் எர்த்தில்தான் வந்து முடியும்.

பல்பு சோதனை

எல்லாம் மாட்டியாயிற்று. பேட்டரியைக் கொடுக்கலாமா? பொறுங்கள்.

மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். அதில் ஒரு மயக்கம் உண்டு. 21 வாட்ஸ் பல்பு எரியும்போது அதன் தடை சுமார் 7 ஓம். ஆனால் குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கம்தான். இரண்டு பல்பு இணையாக இருந்தால் மீட்டர் அரை ஓம்கூடக் காட்டாது. பார்க்கிறவர் "ஐயோ ஷார்ட்" என்று பதறுவார். அதனால் மீட்டரால் பார்ப்பதென்றால் அந்த வழியின் பல்புகளைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும்.

பெரியவர் சொல்லிக் கொடுத்த வழி இன்னும் சுலபம். ஒரு 12 வோல்ட் 21 வாட்ஸ் பல்பு, ஹோல்டர், இரண்டு ஒயர். கிளை பியூஸ்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பேட்டரியின் எர்த் முனைக்கும் எர்த் கேபிளுக்கும் நடுவில் இந்த பல்பைத் தொடராக வையுங்கள். ஒயரிங்கில் முழு ஷார்ட் இருந்தாலும் 21 வகுத்தல் 12 = 1.75 ஆம்பியருக்கு மேல் ஓடவே முடியாது. ஒயருக்கு ஒரு ஆபத்தும் இல்லை. சாவியும் சுவிட்சும் அணைந்திருக்கையில் பல்பு இருட்டாக இருந்தால் மெயின் ஒயர் சுத்தம். முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட்.

அடுத்து பேட்டரியை நேராக இணைத்துவிட்டு, அதே பல்பை ஒவ்வொரு பியூஸ் இடத்திலும் செருகிப் பாருங்கள். சுவிட்சைப் போட்டதும் பல்பு மங்கலாக எரிந்தால் பளு வழியாக மின்சாரம் போகிறது, சரி. பளபளவென்று எரிந்தால் ஒருமுறை சந்தேகப்படுங்கள். ஹெட்லைட், ஹாரன் போன்ற பெரிய பளுவிலும் அது பளிச்சென்று எரியும் என்பதால், அந்த பல்பையோ ஹாரன் ஒயரையோ கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் எரிந்தால் ஷார்ட்தான்.

அந்த நிலையிலேயே ஒயர் கட்டை அங்கங்கே ஆட்டுங்கள், ஸ்டியரிங்கைத் திருப்புங்கள், கதவைத் திறந்து மூடுங்கள். எங்காவது பல்பு 'மினுக்'கென்று அடித்தால், மலையில் எங்களைப் பயமுறுத்திய அரை ஷார்ட் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. எங்கள் வண்டியில் வைப்பர் வழியில் பல்பு அப்படி மினுக்கியது. தேடினால், வைப்பர் மோட்டார் தாங்கிக்குப் பின்னால் ஒயரின் உறை தேய்ந்து தாமிரம் தெரிந்தது. உருகிப்போன ஒயரை நாங்கள் மாற்றியிருந்தோம். உருகியதற்குக் காரணமான இடம் அதுவரை கண்ணில் படவில்லை. பியூஸைச் செருகிவிட்டு வண்டியை எடுத்திருந்தால் அன்றைக்கு எல்லாம் நன்றாகத்தான் ஓடியிருக்கும், அடுத்த மழை வரை.

"ஜாக்ரத்த நாயனா, பல்பு பொய் சொல்லாது" என்று சிரித்தார் பெரியவர்.

கடைசியாக, ஒவ்வொரு பியூஸாகச் செருகி, அந்தந்தப் பளுவை ஓடவிட்டு, பியூஸைக் கழற்றினால் அந்தப் பளு நிற்கிறதா என்று பார்த்தேன். நிற்காவிட்டால் அதற்கு வேறொரு வழியிலும் சப்ளை வருகிறது என்று பொருள். அப்படி இரட்டை வழி இருந்தால் எந்த பியூஸும் அதைக் காக்காது. ரேடியோவுக்கு அப்படித்தான் இருந்தது. ஒரு வழியை வெட்டினேன்.

மூடிக்குள் ஒரு சீட்டு

பெட்டி மூடியின் உட்புறம், தமிழில், ஒவ்வொரு பியூஸும் எதற்கு, எத்தனை ஆம்பியர் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். கீழே ஒரு வரி: 'இதற்கு மேல் பெரிய பியூஸ் போடக்கூடாது.' ஸ்பேர் பியூஸ்கள் ஒரு சின்ன டப்பாவில் பக்கத்திலேயே இருக்கின்றன. ஸ்பேர் கையில் இல்லாத நேரத்தில்தானே ஈயத்தாள் வந்து உட்கார்ந்தது? தீயணைக்கும் சின்ன சிலிண்டர் ஒன்றையும் மாமா வாங்கி முன்சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டார்.

மொத்தம் மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை. செலவில் பாதிக்கு மேல் ஒயருக்கும் லக்குக்கும் போனது, பெட்டியின் விலை மிகவும் குறைவு. இந்த வருடக் கிருத்திகைக்கு மாமா மறுபடி மலைக்குக் கிளம்பினார். அத்தை ஏறுவதற்கு முன்னால் பானட்டைத் திறந்து காட்டச் சொன்னார். மூடியில் இருந்த சீட்டை முழுவதும் படித்துவிட்டுத்தான் குழந்தைகளை ஏற்றினார்.

நண்பர்களே, நம் பட்டயம் கைக்கு வந்த பிறகு நம்மில் பலர் ஒர்க்‌ஷாப்பிலோ பேக்டரியிலோ நிற்போம். "பியூஸ் அடிக்கடி போகுது, கொஞ்சம் பெரிசா போட்டுக் குடுப்பா" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். அவசரம் அவருக்கு இருக்கும். நாம் ஒயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வோம்.